டீசல் காரும் ஒன்றரை மைல் ஸ்கூல் ரன்னும்

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனில் எங்கட சனம் கூடுதலாக இருக்கிற எந்தத் தெருவில் நடந்தாலும், யாரோ ஒருவரின் வாசலில் ஒரு டீசல் சலூன் கார் நிற்கும். பத்து வருசம் பழசு, ஒரு லட்சம் மைலைத் தொட்டது, பின் கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர். "இது என்னை ஒருநாளும் றோட்டில விட்டதில்லை" என்று அந்த வீட்டுக்காரர் சத்தியம் பண்ணுவார். நாலு வீடு தள்ளி, அதே மாடல் காரை வைத்திருக்கும் இன்னொருவரோ, "டீசல் பக்கமே போகாதேங்கோ" என்று தலையில் கை வைப்பார்.

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டு அனுபவமும் ஒரே காரிலேயே கிடைத்தன. கார் மாறவில்லை, அதை ஓட்டுகிற விதம்தான் மாறியது. சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர் பலர் பழைய டீசலை வைத்திருப்பதா, விற்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் ஏன் டீசல் வாங்கினோம்?

2001 மார்ச்சில் பிரித்தானியாவில் கார் வரி, வெளியேறும் கார்பன் டைஒக்சைட் அளவைப் பொறுத்தது என்று மாறியது. ஒரு மைலுக்கு டீசல் கார் வெளியிடும் கார்பன் டைஒக்சைட் பெற்றோல் காரை விடக் குறைவு. அதனால் வரியும் குறைவு. ஒரு கலனுக்குக் கூடுதல் மைலும் கிடைத்தது. 2010களின் தொடக்கத்தில் இங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி டீசல்.

எங்கள் அப்பா அம்மாக்களின் வாழ்க்கைக்கும் அது பொருந்தியது. இரவு வேலைக்கு மோட்டர்வேயில் போய் வருவது, சனிக்கிழமை லெஸ்டரில் சாமத்தியவீடு, ஞாயிற்றுக்கிழமை கொவென்றியில் கலியாணம். நீண்ட ஓட்டம், ஒரே வேகம். டீசல் எஞ்சினுக்கு இதை விடப் பிடித்தது ஒன்றும் இல்லை.

நான் வாங்கியதும் அந்தக் கணக்கில்தான். 2017இல், ஒரு வருசம் ஓடிய 2.0 லீற்றர் டீசல் சலூன். ("சலூன் எண்டால் தலைமயிர் வெட்டுற இடமெல்லே" என்று அப்பா இன்றைக்கும் பகிடி விடுவார்.) ஹரோவிலிருந்து மில்டன் கீன்ஸில் இருந்த அலுவலகத்துக்கு எம்1 வழியாக ஒரு பக்கம் 45 மைல். மூன்று வருடத்தில் 60,000 மைல். அந்தக் காலத்தில் செலவு என்று சொன்னால் எஞ்சின் ஒயில், ரயர், பிரேக் பேட், ஒரு பற்றரி. ஒருமுறை முழுத் தாங்கி அடித்தால் 600 மைலுக்கு மேல் ஓடும். கிளாஸ்கோவுக்குப் போய், திரும்பி வருகிற பாதி வழியில்தான் அடுத்த பெற்றோல் ஷெட்டைத் தேடுவோம்.

பாதியில் நிற்கிற வேலை

2020 மார்ச்சில் அலுவலகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த வருடம் மகள் ரிசெப்ஷன் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். எம்1இல் ஓடிய கார் இப்போது காலையும் மாலையும் ஒன்றரை மைல் போய், ஒன்றரை மைல் வந்தது. அந்தக் குளிர்காலமே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு எஞ்சின் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டு மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தது.

வெம்பிளியில் எங்கட மெக்கானிக் அண்ணை கணினியைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, காருக்கு வேற வருத்தம் ஒண்டும் இல்லை. மலச்சிக்கல்."

அவர் சொன்னது டி.பி.எஃப் என்கிற புகைக்கரி வடிகட்டியை. 2011இலிருந்து ஐரோப்பாவில் வந்த புது டீசல் கார்களில் இது இருக்கிறது. எஞ்சின் வெளியேற்றும் கரித்தூளைப் பிடித்து வைத்து, பிறகு எரித்து வெறுமையாக்குவது இதன் வேலை. மோட்டர்வேயில் ஓடும்போது புகைக்குழாயின் வெப்பத்திலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அது போதாவிட்டால் எஞ்சின் தானே கொஞ்சம் கூடுதல் டீசலை அனுப்பி, வடிகட்டியை ஏறக்குறைய 600 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி எரிக்கும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி இருக்கவேண்டும். பிறகு பத்து, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவும் வேண்டும்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். நினைவகத்தைத் துப்பரவாக்க ஒரு பின்னணி வேலை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் அது பாதியில் இருக்கும்போது யாரோ சேர்வரை நிறுத்திவிடுகிறார்கள். குப்பை சேராமல் என்ன செய்யும்? பள்ளிக்கூட வாசலில் கார் நிற்கும்போது எஞ்சினே சரியாகச் சூடாகியிருக்காது.

கணினி மூலம் கட்டாயப்படுத்தி எரித்து, மெக்கானிக் அண்ணை காரை மீட்டுத் தந்தார். புது வடிகட்டி என்றால் ஆயிரம் பவுண்ஸைத் தாண்டும். "கழட்டி எறிஞ்சால் பிரச்சினை முடிஞ்சுது" என்று சொல்கிற கராஜ்களும் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். 2014 பெப்ரவரியிலிருந்து எம்.ஓ.டி சோதனையில் இந்த வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் கார் சோதனையில் தோற்கும், அப்படி ஓட்டுவதும் சட்டவிரோதம்.

அப்பாவின் காலை வழக்கம்

பிரச்சினையின் மறுபாதி வீட்டு வாசலில் இருந்தது. அப்பா எங்களோடு இருக்கிறார். நான் கார் எடுக்காத நாட்களில், காலை ஏழு மணிக்கு அவர் போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிடுவார். "நிக்கிற வாகனம் செத்துப்போகும், தம்பி."

இது அவர் வாழ்ந்து படித்த பாடம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு ஒஸ்டின் ஏ40 ஓட்டினார். பெற்றோல் கிடைக்காது. கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தக் காரை இரண்டு நாள் சும்மா விட்டால், மூன்றாம் நாள் தெருவே சேர்ந்து தள்ளவேண்டும். அதனால் தினமும் ஸ்டார்ட் பண்ணி வைத்தார்கள். லண்டனுக்கு வந்து பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்த காலத்திலும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை.

இன்றைய டீசலுக்கு அந்தப் பத்து நிமிடம் மருந்து அல்ல. நின்ற இடத்தில் ஓடும்போது புகைக்குழாய் சூடாவதில்லை, வடிகட்டியில் கரி மட்டும் சேரும். பற்றரியும் பெரிதாக ஏறாது.

இதை விடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. வாசலுக்கு நேர் மேலே மகளின் அறை. அவளுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா என்று சொல்லி, டொக்டர் நீல நிற இன்ஹேலர் தந்திருந்தார். குளிர் எஞ்சினின் புகை நேரே அந்த யன்னலுக்குத்தான் போகும்.

"அப்பா, இனிக் காலமை ஸ்டார்ட் பண்ணாதேங்கோ" என்று சொல்வது எனக்கு லேசாக இருக்கவில்லை. கார் விஷயத்தில் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர் அவர். பிள்ளையின் அறையைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் பஸ் எடுத்து வெம்பிளிக்குப் போய், மெக்கானிக் அண்ணையிடம் தானே விசாரித்துவிட்டு வந்தார். "அவன் சொல்லுறான், கிழமைக்கு ஒருக்கா நல்லா ஓடவேணுமாம். அதை நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து ஞாயிறு காலை அந்தப் பொறுப்பு அவருடையது. ஏ40 வீதியில் ஏறி, எம்40இல் பீக்கன்ஸ்ஃபீல்ட் சேவைத் தரிப்பிடம் வரை போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவார். "அங்க ஏ40 ஓடினன், இஞ்ச ஏ40இல ஓடுறன்" என்பது அவருடைய நிரந்தரப் பகிடி. மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறாள். மழை நாளில் பஸ். நான் ஒரு சின்ன ஓ.பி.டி கருவியைக் காரில் செருகி, கரி அளவைப் போனில் பார்க்கிறேன். கிழமை முழுக்க ஏறிய கணக்கு ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறது. அந்த மஞ்சள் விளக்கு பிறகு வரவில்லை.

பழகிக்கொள்ள வேண்டிய குணங்கள்

டீசல் வைத்திருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே காரை ஓட்டுகிறவர்கள், இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

நிற்கும்போது எஞ்சின் சுற்று வழக்கமான 800க்குப் பதிலாக 1000 பக்கம் இருந்தால், ஸ்டாப்-ஸ்டார்ட் வேலை செய்யாவிட்டால், நிறுத்திய பிறகும் காற்றாடி இரைந்தால், கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டத்தில் இதைக் கவனித்தால், முடிந்தால் இன்னொரு பத்து நிமிடம் ஓட்டுங்கள். சூடான வாசனை வந்தால் பிள்ளைகள் "கார் எரியுதா?" என்று கேட்பார்கள். புகையோ சிவப்பு விளக்கோ இல்லாவிட்டால் பயப்படத் தேவையில்லை.

எஞ்சின் ஒயில் குறைகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்போம். டீசலில் அது கூடுகிறதா என்றும் பாருங்கள். எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால், எரியாத டீசல் கசிந்து ஒயிலோடு கலக்கும். அளவுக்கோலில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் ஒயிலை மாற்றவேண்டும். மாற்றும்போது வடிகட்டிக்குப் பொருத்தமான, சாம்பல் குறைந்த ஒயில்தானா என்று கேளுங்கள்.

யூரோ 6 டீசல்களில் பல அட்புளூ கேட்கும். இது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தத் தண்ணீர். நைதரசன் ஒக்சைட் வாயுவை நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்ற உதவுவது. முடியப்போகிறது என்று கார் மைல் கணக்கில் எச்சரிக்கும். பூச்சியத்துக்கு வந்தபின் எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அதற்குத் தனி மூடி உண்டு. டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிடாதீர்கள்.

பெற்றோல் குழாய் டீசல் குழாயை விட ஒல்லி. அதனால் டீசல் தாங்கிக்குள் சுலபமாகப் போய்விடும். ஷெட்டில் நின்ற காலத்தில் மாதத்துக்கு ஒருவராவது இப்படி அடித்துவிட்டு வந்து நிற்பார் என்று அப்பா சொல்வார். இங்கே பச்சை பெற்றோல், கறுப்பு டீசல். மாறி அடித்துவிட்டால் சாவியைத் தொடவேண்டாம். ஸ்டார்ட் பண்ணாமல் தாங்கியை வடித்தால் செலவு சிறிது. ஸ்டார்ட் பண்ணினால் பம்பும் இன்ஜெக்டரும் போகும்.

வைத்திருப்பதா, விற்பதா?

யூலெஸ் வலயம் 2023 ஆகஸ்ட் 29இலிருந்து லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. யூரோ 6 தரத்துக்குக் கீழான டீசல் கார் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ஸ். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 62.50. 2015 செப்டெம்பருக்குப் பிறகு பதிவான புது டீசல்கள் பொதுவாக யூரோ 6. எங்களுடையது அதில் தப்பியது.

கட்டணம் இல்லை என்பதால் புகையும் இல்லை என்று ஆகாது. 2013இல், லூயிஷத்தில் தெற்கு சர்குலர் வீதிக்குப் பக்கத்தில் வாழ்ந்த எல்லா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நீல இன்ஹேலர் இருக்கிற வீட்டில் அந்தச் செய்தியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பொது வீதியில் அப்படி நிறுத்தி வைத்தால் 20 பவுண்ஸ் தண்டமும் வரலாம்.

ஆகவே முடிவு எடுக்கமுன், ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தை எழுதிப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேலான மோட்டர்வே ஓட்டம் கிழமைக்கு ஒன்றாவது இருந்தால், நன்றாகப் பராமரித்த யூரோ 6 டீசல் இன்னும் பல வருடம் உழைக்கும். ஸ்கூல் ரன், தமிழ்ப் பள்ளி, சாமான் கடை, கோயில் மட்டும்தான் என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் டீசல் வாங்காதீர்கள். பாவித்த கார் பார்க்கும்போது அரசாங்க இணையத்தளத்தில் இலக்கத்தகட்டைப் போட்டு எம்.ஓ.டி வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். வருடத்துக்கு 3,000 மைல் மட்டும் ஓடிய டீசல் என்றால் "அருமையா வைச்சிருந்தவர்" என்று சந்தோசப்படவேண்டாம். சந்தேகப்படுங்கள்.

எங்கள் கார் இப்போது ஒரு லட்சம் மைலைத் தாண்டி நிற்கிறது. பெரிய செலவு வரும்வரை வைத்திருப்போம், அதற்குப் பிறகு டீசல் வாங்கமாட்டோம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். அப்பாவும் சம்மதித்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: "கரண்ட் காருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் தேவைப்படுமோ?" தேவைப்படும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.