ரோஜாவுக்கும் கவாத்து உண்டு



வாசலில் வைத்த ரோஜாச் செடி முதல் வருஷம் நன்றாகப் பூக்கும். மூன்றாம் வருஷம் ஆள் உயரம் வளர்ந்து, உச்சியில் இரண்டே இரண்டு சின்னப் பூவோடு நிற்கும். 'மண் சரியில்லை', 'கண் பட்டுவிட்டது' என்று சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. செடிக்குக் கவாத்து செய்யவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊட்டியில் 1995-ஆம் ஆண்டு அமைத்த அரசு ரோஜாப் பூங்காவில் ஏப்ரல், மே மாதங்களில் செடிகள் பூத்துக் குலுங்கும். அது குளிர்ந்த மலை. திருத்தணியின் சித்திரை வெயிலில் அதை எதிர்பார்க்க முடியுமா? மொட்டு ஒரே நாளில் விரிந்துவிடும். பூ சிறுத்து, இதழ் ஓரம் கருகும். நம் ஊர் ரோஜாவுக்கு மார்கழி, தை, மாசிதான் வசந்த காலம். மண்ணில் மழை ஈரம், பகலில் இதமான வெயில், இரவில் குளிர்ச்சி, மூன்றும் அப்போதுதான் ஒன்றாகச் சேரும். டிசம்பர் 31 அன்று மலையில் படித் திருவிழா நடக்கும் சமயம் உங்கள் வாசலும் பூத்து நிற்க வேண்டுமானால், ஐப்பசி பிறந்ததுமே வேலையைத் தொடங்க வேண்டும்.

'நல்லா இருக்கிற கிளையைப் போய் வெட்டுவதா? செடி பட்டுப் போயிடாதா?' என்று கேட்பீர்கள். ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். நுனி இருக்கும்வரை கீழே உள்ள கணுக்கள் தூங்கும். நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். துளசியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடுகிறதல்லவா, அதே கணக்குதான். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் பூ வரும்.

அடைமழை பிடிக்கும் முன், வானம் வெளுத்த நாளாகப் பாருங்கள். காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். மீதிக் கிளைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். அரிவாளால் கொத்தினால் தண்டு பிளந்துவிடும். கூரான கவாத்துக் கத்தரி வேண்டும். நட்டு ஒரு வருஷம் ஆகாத செடியை இப்படி வெட்ட வேண்டாம்.

வெட்டுவாயை அப்படியே விட்டால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். பல செடிகள் சாவது வெட்டினதால் அல்ல, இந்த நுனிக்கருகலால்தான். அதற்குப் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்குங்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் வாளி போதும். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள்.

கவாத்து முடிந்ததும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் வையுங்கள். கூடவே யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் கலந்து, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் போட்டு மண்ணைக் கொத்தி நீர் விடுங்கள். ஆடியிலும் இதே அளவு கொடுக்கலாம். தண்ணீர் தேங்கும் இடமும், உப்புத் தண்ணீரும், துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் ரோஜாவுக்கு ஆகாது. தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படவேண்டும்.

'சிவப்பு ரோஜாதான் வாங்கினேன், இப்போது வேறு பூ பூக்கிறதே' என்று சிலர் சொல்வதுண்டு. நர்சரியில் வாங்குவது பெரும்பாலும் ஒட்டுச் செடி. அடித்தண்டாக எட்வர்டு ரோஜா போன்ற வலுவான ரகத்தை வைத்து, மேலே வேறு ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தை விட்டால் அது சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேல்செடியைக் கொன்றுவிடும். கண்டவுடன் அடியோடு பிய்த்து எறியுங்கள்.

மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளித்து உதிரும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரியுங்கள். தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் விடுங்கள். அசுவினி தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பெண்கள் தலையில் வைக்கிற பூ, குழந்தைகள் வாயில் வைக்கிற இதழ் இது. வயலுக்கு வாங்கிய விஷமருந்தின் மிச்சத்தை வாசல் செடிக்குத் தெளிக்கவே கூடாது.

பூக்க ஆரம்பித்த பிறகும் கத்தரிக்கு வேலை உண்டு. வாடிய பூவைச் செடியில் விட்டால் காய் பிடித்து, அடுத்த பூ தாமதமாகும். பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து அடுத்த தளிர் வரும். இப்படிச் செய்தால் மாசிவரை செடி ஓயாது பூக்கும். வீட்டுக்கு வேண்டிய பூவைப் பனி காயும் முன் பறித்தால் மாலைவரை வாடாது.

ஒரு கத்தரியும் ஒரு மணி நேர உழைப்பும் போதும். இந்த ஐப்பசியில் துணிந்து வெட்டிப் பாருங்கள். மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்தில் உங்கள் செடியே பதில் சொல்லும்.