ஊர்வலமும் அனுமதிப் பத்திரமும்

வீதி போக்குவரவுக்கென அமைந்ததாயினும், மக்கள் ஒன்றுகூடித் தங் கருத்தை ஊரறிய உரைத்தற்கும் தொன்றுதொட்டு அதுவே இடமாயிருந்து வந்துள்ளது. இவ்விரு பயனும் முரணுங்கால், வீதியைக் காக்கும் நகரசபை ஊர்வலத்தை எவ்வளவிற்குக் கட்டுப்படுத்தலாம்? ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் பன்முறை ஆராய்ந்த வினா இது. அந்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்குகளுள் இரண்டினை ஒப்புநோக்கின் விடை ஒருவாறு புலனாகும்.

1939 ஆம் ஆண்டு யூலை 8 ஆந் திகதி மாலை, நியூ ஹம்ஷயர் மாநிலத்து மான்செஸ்ரர் நகரில் யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் சமயக் குழுவினர் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஒருவர்பின் ஒருவராய், வாசகப் பலகைகளை ஏந்தி நடைபாதைவழியே சென்றனர். அனுமதி பெறாமையால் அவருள் 68 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1941 இல் பிரதம நீதியரசர் ஹியூஸ் தீர்ப்பளித்தபோது நீதிமன்றம் ஒருமுகமாக நகரின் பக்கமே நின்றது. அனுமதி வழங்குவோர் ஊர்வலத்தின் காலம், இடம், முறை ஆகியவற்றை மட்டுமே நோக்கவேண்டும் என்று மாநில நீதிமன்றம் முன்னரே வரையறுத்திருந்தமை இதற்குக் காரணமாயிற்று. ஒரே வேளையில் இரண்டு ஊர்வலங்கள் ஒரே தெருவில் எதிர்ப்படாமற் காத்தலும், வேண்டிய பொலிசாரை நிறுத்துதலும் நகரின் கடமைகளன்றோ? நாளொன்றுக்கு 300 டொலர்வரை கட்டணம் அறவிடலாம் என்ற விதியும், அது அச்செலவுகளை ஈடுசெய்யும் பொருட்டே என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மற்றையது அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரின் வழக்கு. அந்நகரக் கட்டளைச் சட்டம், பொதுநலம், அமைதி, ஒழுக்கம், வசதி முதலியவற்றிற்கு ஊறு நேருமெனத் தமக்குத் தோன்றின் ஆணையாளர் அனுமதியை மறுக்கலாம் என்றது. “தமக்குத் தோன்றின்” என்பதிலேதான் நஞ்சு இருந்தது. 1963 ஏப்பிரிலில் நிறவேற்றுமையை எதிர்த்தோர் அனுமதி கேட்டபோது, ஆணையாளர் கொனர் அதனை மறுத்ததோடு, அவர்களைச் சிறைக்கே அனுப்பப்போவதாகவும் கூறினார். அம்மாதம் 12 ஆந் திகதி, பெரிய வெள்ளியன்று, மதபோதகர் மூவர் தலைமையில் 52 பேர் இருவர் இருவராக நடைபாதையில் நான்கு தெருப்பகுதிகள் நடந்தனர். வாகனம் எதுவும் தடைப்படவில்லை, பாதசாரிகளுக்கும் இடையூறில்லை. எனினும் தலைவருள் ஒருவரான ஷட்டில்ஸ்வேர்த்துக்கு 90 நாட் கடுங்காவலும், தண்டமும் வழக்குச் செலவுஞ் செலுத்தாவிடின் மேலும் 48 நாளும் விதிக்கப்பட்டன.

1967 இல் அலபாமா உயர் நீதிமன்றம் அச்சட்டம் போக்குவரவு பற்றியதே எனப் பொருள்கொண்டு அதனைக் காக்க முயன்றது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கூறப்பட்ட இப்பொருளை ஊர்வலத்தார் அன்று எவ்வாறு அறிந்திருத்தல் கூடும்? 1969 இல் நீதியரசர் ஸ்ருவேட் தண்டனையை நீக்கினார். தெளிவான வரையறையின்றிப் பேச்சுரிமையை அதிகாரியின் விருப்பத்துக்கு உட்படுத்துஞ் சட்டம் செல்லாது; செல்லாத சட்டத்தின்கீழ் அனுமதி கேளாது நடத்தலுங் குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஈண்டு வியப்பிற்குரிய செய்தி ஒன்றுண்டு. ஊர்வலம் நடத்தலாகாது என மாநில நீதிபதி ஒருவர் முன்னரே தடைக்கட்டளை பிறப்பித்திருந்தார். அதனை மீறியமைக்காக மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோருக்கு விதிக்கப்பட்ட ஐந்து நாட் சிறைத்தண்டனையை 1967 இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என உறுதிசெய்தது. அத்தீர்ப்பை எழுதியவரும் ஸ்ருவேட்டே! செல்லாத கட்டளைச் சட்டத்தை மீறலாம். நீதிமன்றக் கட்டளையையோ, அது பிழையெனினும், முதலில் நீதிமன்றிலேயே எதிர்த்தல் வேண்டும் என்றவாறு. ஊர்வலத்தின் பயன் அது நிகழும் நாளையே பெரிதும் பொறுத்ததாதலின், இவ்வேறுபாடு நடந்து சென்றோருக்கு நீதியாகத் தோன்றியிராது.

கட்டணம் பற்றிய வினா 1992 இல் ஜோர்ஜியா மாநிலத்துப் போர்சைத் மாவட்டத்தின் வழக்கில் மீண்டும் எழுந்தது. அம்மாவட்டத்தின் விதி, 1,000 டொலருக்கு மேற்படாத கட்டணத்தை நிருவாகி தாமே நிருணயிக்க இடமளித்தது. எதிர்ப்பு மிகுமெனக் கருதப்படுங் கருத்தினருக்கு மிகுந்த காவலும், அதனால் மிகுந்த கட்டணமும் வேண்டப்படும். எனவே இது கருத்தின்மேல் விதிக்கும் வரியாகும் எனக் கண்ட நீதிமன்றம், வழக்காளியிடம் கேட்கப்பட்டது 100 டொலரே என்பதையும், அதிற் பொலிசுச் செலவு சேரவில்லை என்பதையும் பொருட்படுத்தாது அவ்விதியைத் தள்ளியது.