கடைக்குட்டிக்கும் ஒரு நாடு



2019 நவம்பரில், நம் லாச்சப்பலுக்கு அதிக தூரமில்லாத துரூவோ ஏலக்கூடத்தில், தீப்பெட்டியளவேயான ஒரு கையெழுத்துப் பத்திரிகை 6 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. பெயர் ‘இளைஞர் இதழ்’. 1830-இல் அதை எழுதியபோது சார்லட் பிரான்டேக்கு வயது 14. அதை வாங்கியது, இங்கிலாந்தின் ஹாவர்த் ஊரில் அவர் வளர்ந்த போதகர் இல்லம். அது இன்று அருங்காட்சியகம்.

ஏன் அத்தனை சிறியது? பொம்மைச் சிப்பாய்கள் வாசிப்பதற்காக!

தாய் 1821-இலும், மூத்த சகோதரிகள் இருவர் 1825-இலும் இறந்துபோன வீடு அது. 1826 ஜூனில், போதகரான அப்பா மகன் பிரான்வெலுக்கு 12 மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். சார்லட்டுடையது வெலிங்டன் பிரபு, பிரான்வெலுடையது நெப்போலியன். சிப்பாய்கள் கதையில் ஆப்பிரிக்காவில் இறங்கி, ‘கண்ணாடி நகர்’ கட்டினார்கள். வரைபடம், போர், அரசியல், பத்திரிகை என்று அந்த உலகம் வளர்ந்தது. பிள்ளைகள் தாங்களே நான்கு பூதங்களாகக் கதைக்குள் வந்து, செத்த சிப்பாய்களை எழுப்பினார்கள். அக்காமாரைப் பறிகொடுத்த பிள்ளைகளின் விளையாட்டு அது.

ஆனால் ஆறு வயது ஆனின் சிப்பாய்க்குக் கிடைத்த பெயர் ‘ஏவல் பையன்’. கதையைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் மூத்த இருவரே. 1831-இல் சார்லட் பள்ளிக்கூடம் போனதும், எமிலியும் ஆனும் பிரிந்து ‘கொண்டால்’ என்ற தங்கள் தீவை உண்டாக்கினார்கள். 1845-இல், இருபது வயதைக் கடந்த பின்பும், யார்க் நகரப் பயணத்தில் கொண்டால் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போனார்கள். 1847-இல் சகோதரிகள் மூவரின் நாவல்களும் வெளிவந்தன. ஏவல் பையனின் சொந்தக்காரி எழுதியது ‘ஆக்னஸ் கிரே’.

இன்று நம்மில் சிலரும் மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, இப்படிக் கூட்டுக் கதை வளர்க்கிறோம். “வேலையில்லாத வேலை” என்று வீட்டில் பேச்சும் கேட்கிறோம். ஆனால் அதில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: அடுத்தவர் சொன்னதைத் தள்ளாமல், அதன்மேல் நம்முடையதை வைப்பது.

நம் ஒளிவிழா நாடகத்திலும் கடைசித் தம்பிக்கு வழக்கமாக ஆட்டு வேடம்தான். இந்த முறை எழுத உட்காரும்போதே அவனையும் கூப்பிடுவோம். பிரெஞ்சில்தான் சொல்ல வருமென்றால் பிரெஞ்சிலேயே சொல்லட்டும். தமிழாக்க அக்காமார் இருக்கிறார்கள். அவன் சொல்வது கதையையே திருப்பினாலும் திருப்பட்டும். இடம் கொடுக்காவிட்டால், அவனும் தனக்கொரு தீவு தேடிப் போய்விடுவான்.