கொல்லையில ஒரு கெஸ்ட் ரூம்: 6.2 லட்சம் எப்படி 8.5 லட்சம் ஆச்சு?

கும்பகோணம் பக்கத்துல எங்க வீடு. ஒரு ஹால், ரெண்டு சின்ன ரூம், பின்னாடி நீளமான கொல்லை. பொங்கலுக்கு அக்கா குடும்பம் பெங்களூர்ல இருந்து வந்தா, அப்பா திண்ணையில பாய் போட்டுப் படுத்துடுவார். 2028ல மகாமகம் வேற வருது. 2016 மகாமகத்தப்போ எங்க வீட்டுல 17 பேர், ஒரே ஒரு பாத்ரூம். அதுக்கு மேல விளக்கம் வேணாம்னு நினைக்கிறேன். மாமரத்தடியில, பாத்ரூமோட சேர்த்து ஒரு செங்கல் ரூம் கட்டிடலாம்னு நான் முடிவு பண்ணது அப்படித்தான்.

வீடியோவுல ரூமைச் சுத்திக் காட்டினேன். கணக்கு நோட்டைக் காட்ட நேரம் இல்ல. அந்த நோட்டுதான் இது.

வெளி அளவு 13.5 அடிக்கு 20 அடி, அதாவது 270 சதுர அடி. மேஸ்திரி சொன்ன ரேட் மெட்டீரியலோட சதுர அடிக்கு 2,300 ரூபாய். பெருக்கினா 6,21,000. என் கையில இருந்த சேமிப்பும் போனஸும் சேர்ந்தா கிட்டத்தட்ட அதே தொகை. "கடனே இல்லாம கட்டப் போறோம்"னு அம்மாகிட்ட பெருமையா சொன்னேன்.

முடிஞ்சப்போ ஆன செலவு 8,51,000. மேஸ்திரி ஏமாத்தல. அவர் சொன்ன வேலையை, சொன்ன ரேட்டுக்கே முடிச்சுக் கொடுத்தார். தப்பு, நான் சதுர அடி ரேட்டை நம்பினதுதான்.

சின்ன ரூமுக்கு சதுர அடி கணக்கு ஏன் ஒத்து வராது?

30க்கு 40 வீடு ஒண்ணை எடுத்துக்கோங்க. 1,200 சதுர அடிக்கு வெளிச்சுவர் 140 அடி நீளம். என் ரூம் 270 சதுர அடிதான், ஆனா வெளிச்சுவர் 67 அடி. ஒரு சதுர அடிக்கு எவ்வளவு சுவர் வருதுன்னு பார்த்தா, பெரிய வீட்டை விட ரெண்டு மடங்கு. பெரிய வீட்டுல உள்சுவர் நிறைய இருக்கும், ஒத்துக்கிறேன். அப்பவும் வித்தியாசம் பெருசுதான். இதுக்கு மேல பாத்ரூம். 1,200 சதுர அடி வீட்டுலயும் ஒரு பாத்ரூமுக்கு ஒரு க்ளோசெட், ஒரு வாஷ்பேசின், ஒரு ஷவர்தான், 270லயும் அதேதான். அந்தச் செலவைப் பங்கு போட்டுக்க பெரிய வீட்டுல நிறைய சதுர அடி இருக்கு, நம்ம ரூம்ல இல்ல. அதனாலதான் ஒரு வீட்டுக்குச் சொல்ற ரேட்டுக்கே சின்ன ரூமுக்கும் மேஸ்திரி ஒத்துக்கிட்டா, எதை எல்லாம் கணக்குல விட்டிருக்கார்னு நாம உட்கார்ந்து கேட்கணும். நான் கேட்கல.

விட்டது இதெல்லாம். எங்க ஊர் டெல்டா களிமண். மழையில உப்பும், வெயில்ல வெடிக்கும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினப்போ, மூணரை அடி பத்தாது, அஞ்சு அடி போகணும்னு இன்ஜினியர் சொல்லிட்டார். கூடுதல் தோண்டல், மணல் நிரப்பல், கருங்கல் எல்லாம் சேர்ந்து 48,000. செப்டிக் டேங்க் 55,000. கரண்ட் லைன், தனி எம்சிபி, எர்த்திங் 22,000. 500 லிட்டர் தண்ணி டேங்க், பைப் 14,000. பிளான், அனுமதிக் கட்டணம் 12,000 (அப்பா வீட்டுக் கொல்லைதானேன்னு விட்டுட முடியாது, புதுக் கட்டடத்துக்கு அனுமதி வேணும்). சந்துக்குள்ள லாரி வராது, அதனால தெருமுனையில இறக்கி உள்ள சுமக்க 15,000. வீட்டுல இருந்து ரூம் வரைக்கும் நடக்க பேவர் கல் பாதை 18,000. கடைசியா கட்டில், மெத்தை, அலமாரி, திரை 46,000.

மொத்தம் 2,30,000. சதுர அடிக்கு 3,150 ரூபாய் ஆயிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, கட்டறதுக்கு முன்னாடி நானும் அப்பாவும் ரெண்டு வாரம் சண்டை போட்டது செங்கல்லா, ஹாலோ பிளாக்கானுதான். சுவருக்கு ஏறக்குறைய 6,000 செங்கல். எங்களுக்கு இறக்கிக் கொடுத்த விலை கல்லுக்கு 10 ரூபாய், ஆக 60,000. மொத்தச் செலவுல 14ல ஒரு பங்கு கூட இல்ல. பிளாக்குக்கு மாறியிருந்தாலும் ஒரு 15,000 மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். பணம் போனது வேற இடத்துல.

60 அடி தூரத்தோட விலை

மாமரம் வீட்டுல இருந்து 60 அடி தள்ளி இருக்கு. ஜன்னலைத் திறந்தா மரம் தெரியணும்னு அங்க குறிச்சேன். பழைய செப்டிக் டேங்க் வீட்டை ஒட்டி இருக்கு. டாய்லெட் பைப்புக்கு 40 அடிக்கு ஒரு அடி இறக்கம் வெச்சாலே, 60 அடிக்கு ஒன்றரை அடி இறக்கம் வேணும். எங்க கொல்லையோ பின்பக்கம்தான் தாழ்வு, தண்ணி எதிர்ப்பக்கம் ஏறாது. அதனால புது டேங்க். நீளமான கேபிள், நீளமான பைப், ஐப்பசி மழையில சேத்துல கால் வைக்காம போக ஒரு பாதை. வீட்டை ஒட்டி, பழைய டேங்க் பக்கத்துல கட்டியிருந்தா இதுல சுமார் 80,000 மிஞ்சியிருக்கும். அந்த மாமரத்தை ஜன்னல் வழியா பார்க்க நான் கொடுத்த விலை அது. மரம் எங்களுடையதுதான்!

குறைஞ்ச 2,30,000ல 30,000 அவசர நிதியில இருந்து எடுத்தேன். மீதி 2 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 3 வருஷம். இஎம்ஐ 6,836. வட்டி மட்டும் 46,000 வருது, கட்டில் மெத்தைக்கு ஆன அதே தொகை. வரிச் சலுகையாவது கிடைக்குமான்னு பார்த்தேன். வீடு அப்பா பேர்ல, கடன் என் பேர்ல. வீட்டுல எனக்கு உரிமை இல்லாதப்போ, பழைய வரி முறையில கூட அந்த வட்டியை நான் கழிக்க முடியாது.

இதைச் சொல்லிப் புலம்பினப்போதான் அம்மா கேட்டாங்க: "உங்க அக்காவுக்குத்தானே கட்டுன, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கல. அப்பா இடத்துல கட்டினா அது அப்பா சொத்து; அவர் உயில் எழுதலைன்னா எனக்கு எவ்வளவோ அக்காவுக்கும், அம்மாவுக்கும் அவ்வளவு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நாளைக்கு "நான்தானே கட்டினேன்"னு என் வாயில வந்துடக் கூடாது. அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணி, இது வீட்டுக்காக நான் போட்ட பணம், பங்குல கணக்கு கிடையாதுன்னு சொல்லிட்டேன். அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் வருஷத்துக்கு 9 நாள்தான்டா வர்றேன்"னா.

அந்த 9 எனக்கு உறைச்சது. உட்கார்ந்து எண்ணினேன். அக்கா 9, மத்த சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 26 ராத்திரி. 8,51,000 ரூபாயை 6.5 சதவீத எஃப்டியில போட்டா வருஷத்துக்கு 55,000 வந்திருக்கும். ஒரு ராத்திரிக்கு 2,100 ரூபாய். அந்தக் காசுக்கு டவுன்ல ஏசி லாட்ஜ்ல ரூம் போட்டுக் கொடுத்திருக்கலாம். மகாமகத்துக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு நண்பர் சொல்றார். அப்படி விட்டாலும் அது வீட்டு உரிமையாளரான அப்பாவோட வருமானம், அவர்தான் கணக்கு காட்டணும்.

விருந்தாளிக்காக மட்டும்னா நான் இதைக் கட்டியிருக்கக் கூடாது. ஆனா அம்மாவுக்கு மூட்டு வலி. பழைய பாத்ரூம்ல இந்தியன் டாய்லெட், அதுக்கு ரெண்டு படி வேற. மேஸ்திரிதான் முதல் நாளே, "தம்பி, வெஸ்டர்னா வெச்சுடுங்க, கதவு மூணு அடி விடுங்க, வாசல்ல படிக்குப் பதிலா சரிவு போட்டுடலாம்"னார். அப்போ செஞ்சதால தனியா செலவே தெரியல. இப்போ வருஷத்துல மீதி 339 ராத்திரி அங்க படுக்கறது அம்மாவும் அப்பாவும்தான். அக்கா வந்தா அவங்க பழைய ரூமுக்கு மாறிக்கறாங்க.

ஏசிக்கு பாயின்ட் மட்டும் விட்டு வெச்சிருக்கேன். இஎம்ஐ இன்னும் 19 மாசம் இருக்கு. அது முடியற வரைக்கும் மாமரக் காத்துதான்.