ஒன்பதாவது படம் வரை

1999 டிசம்பரில் 'சேது' வெளியானபோது விக்ரம் கதாநாயகனாகி ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. 1990-ல் 'என் காதல் கண்மணி' வந்தது, போனது. ஸ்ரீதர் இயக்கத்தில் 'தந்துவிட்டேன் என்னை', பி.சி. ஸ்ரீராம் இயக்கத்தில் 'மீரா' என்று பெரிய பெயர்களோடு வந்த படங்களும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் போய் நடித்தார். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் டப்பிங் பேசினார். இன்னொருவர் முகத்துக்குத் தன் குரலைக் கொடுத்து நாட்களை நகர்த்திய நடிகர் அவர். 'சேது'வும் எடுத்து முடித்த பிறகு வாங்க ஆளில்லாமல் பெட்டிக்குள் கிடந்த படம்தான்.

அவருடைய அப்பா வினோத் ராஜ், நடிப்பு ஆசையில் பரமக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தவர். சின்னச் சின்ன வேடங்களைத் தாண்டி அவருக்கு எதுவும் அமையவில்லை. 'கில்லி'யில் திரிஷாவுக்கு அப்பாவாக வருகிறவர் அவர்தான்.

இப்போது மூன்றாம் தலைமுறைக்கு வருவோம். விக்ரமின் மகன் துருவ் நடிக்க, 'அர்ஜுன் ரெட்டி'யின் தமிழ் வடிவமாக 'வர்மா'வை இயக்கியவர் பாலா. அப்பாவுக்கு 'சேது'வைக் கொடுத்த அதே பாலா. படம் முழுக்க எடுத்து முடிந்த நிலையில், 2019 பிப்ரவரியில் தயாரிப்பு நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது: இறுதி வடிவம் திருப்தி தரவில்லை, மறுபடி முதலிலிருந்து எடுக்கப்போகிறோம். படைப்புச் சுதந்திரம் கருதித் தானே விலகிக்கொண்டதாக பாலா பதில் சொன்னார். இயக்குநர் மாறினார், கதாநாயகி மாறினார், தலைப்பும் மாறியது. கதாநாயகன் மட்டும் மாறவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 'ஆதித்ய வர்மா' திரைக்கு வந்துவிட்டது.

வாரிசு நடிகர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் முதல் வாய்ப்பைத்தான் பேசுகிறோம். "அப்பா பெயரில் உள்ளே வந்தார்" என்பது ஒரு தரப்பு. "உள்ளே வரலாம், நிற்க வைப்பது ரசிகர்கள்தான்" என்பது மறுதரப்பு. இரண்டுமே பாதி உண்மை. முதல் படம் யாருக்கும் எப்படியாவது கிடைத்துவிடுகிறது, விக்ரமுக்கும் கிடைத்தது. தோற்ற பிறகு அடுத்த படம் யாருக்குக் கிடைக்கிறது, அதுவும் தோற்றால் அதற்கடுத்தது யாருக்கு என்பதில்தான் பெற்றோரின் உதவி என்னவென்று தெளிவாகத் தெரியும்.

இதை விளங்கிக்கொள்ள விஜய்யின் தொடக்க ஆண்டுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. எஸ்.ஏ. சந்திரசேகர் 1984-ல் தன்னுடைய 'வெற்றி'யிலேயே மகனைச் சிறுவனாக நடிக்க வைத்தவர். 1992-ல் 'நாளைய தீர்ப்பு' மூலம் கதாநாயகனாக்கினார். படம் ஓடவில்லை. பையனின் தோற்றத்தைக்கூடக் கேலி செய்து விமர்சனம் வந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குக் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே அப்பா அடுத்த ஆண்டே 'செந்தூரபாண்டி'யைத் தொடங்கி, அதில் விஜயகாந்தைக் கொண்டுவந்தார். விஜயகாந்துக்காகத் தியேட்டருக்கு வந்த கிராமத்து ரசிகர்கள், கூடவே இந்தப் பையனையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விஜயகாந்த் ஏன் வந்தார்? 1981-ல் அவரை ஊரறிய வைத்த 'சட்டம் ஒரு இருட்டறை'யின் இயக்குநர் சந்திரசேகர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த ஒன்று, மகனின் இரண்டாவது படத்தில் திரும்பி வந்தது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படாத, ஆனால் கோடம்பாக்கத்தில் யாரும் மறக்காத இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நட்சத்திரப் பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பெரிய சொத்து. பணம்கூட அதற்குப் பிறகுதான். சந்திரசேகர் இதையே இன்னொருவர் மகனுக்கும் செய்து காட்டினார். 1999-ல் அவர் இயக்கிய 'பெரியண்ணா'வில் மறுபடி விஜயகாந்த் பெரியண்ணன். உடன் நடித்த இளைஞர், சிவகுமாரின் மகன் சூர்யா.

'செந்தூரபாண்டி'க்குப் பின் 'ரசிகன்', 'தேவா', 'விஷ்ணு' என்று அப்பா விடாமல் எடுத்தார். நடுவில் வேறு இயக்குநர்களின் படங்களும் வந்தன. 1996-ல் விக்ரமன் இயக்கி, ஆர்.பி. சௌத்ரி தயாரித்த 'பூவே உனக்காக' வந்தபோதுதான் குடும்பங்கள் விஜய்யைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டன. அது அவர் கதாநாயகனாக நடித்த ஒன்பதாவது படம். முந்தைய எட்டில் ஐந்தை இயக்கியவர் அப்பா. மக்கள்தான் அவரை நட்சத்திரமாக்கினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மக்கள் தீர்ப்புச் சொல்லும்வரை ஒன்பது முறை அவர்கள் முன்னால் போய் நிற்க முடிந்ததே, அது அப்பா கொடுத்தது.

சூர்யாவுக்கும் கணக்கு ஏறக்குறைய அதுதான். ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1997-ல் மணிரத்னம் தயாரித்த 'நேருக்கு நேர்' வழியாக வந்தார். சிவகுமார் சொந்தமாகப் படம் எடுத்து மகனை இறக்கவில்லை. அது மரியாதைக்குரிய ஒதுங்கல். ஆனால் நடிகராகத் தன்னை நிரூபித்த 'நந்தா' 2001-ல் வந்தபோது அது அவருக்கு எட்டாவது படம்.

தோற்ற நடிகருக்குப் படம் கிடைக்காதது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல. தமிழ்ப்படம் ஏரியா வாரியாக விற்பனையாகும் பொருள். சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர் விலை பேச வேண்டும். பெரிய நடிகர் என்றால் மினிமம் கேரண்டி என்ற பெயரில் படம் வெளியாகும் முன்பே பணம் வந்துவிடும். புதுமுகம் என்றால் வராது. முதல் படம் விழுந்த புதுமுகம் என்றால் போன் எடுக்கவே யோசிப்பார்கள். இன்றைக்கு ஓடிடி நிறுவனங்களும் சிறிய படங்களுக்குத் தியேட்டர் வசூலைப் பார்த்த பிறகே விலை சொல்கின்றன. ஆகவே தயாரிப்பாளர் மொத்தச் செலவையும் தன் தலைமேல் போட்டுக்கொள்ள வேண்டும். பெற்ற தகப்பனைத் தவிர வேறு யார் அதைச் செய்வார்கள்? அப்பாவிடம் சொந்த பேனர் இருக்கும். வட்டிக்குக் கொடுக்கும் பைனான்சியர் அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார். "அடுத்த படத்தையும் உங்களுக்கே தருகிறேன்" என்று விநியோகஸ்தரிடம் சொல்லும் வாய் அவருக்கு உண்டு.

சூப்பர் குட் பிலிம்ஸ் சௌத்ரியின் மகன் ஜீவா 2003-ல் 'ஆசை ஆசையாய்' படத்தில் வந்து, அமீரின் 'ராம்' கிடைக்கும்வரை இரண்டு ஆண்டு காத்திருந்தார். விஜயகுமாரின் மகன் அருண் விஜய் காத்திருந்தது இருபது ஆண்டு: 1995-ல் 'முறை மாப்பிள்ளை', 2015-ல் 'என்னை அறிந்தால்'. அவருடைய விடாமுயற்சியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இருபது ஆண்டு விடாமல் முயல்வதற்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மை.

வாரிசு என்றாலே மாளிகையிலிருந்து காரில் இறங்குகிறவர் என்று எண்ணுவதும் சரியல்ல. கஸ்தூரி ராஜா நட்சத்திரம் அல்ல, தேனிப் பக்கத்து மண்ணிலிருந்து வந்து இயக்குநரானவர். 2002-ல் 'துள்ளுவதோ இளமை' எடுத்தபோது அப்பா பெயரில் படம், மூத்த மகன் செல்வராகவனின் எழுத்து, இளைய மகன் தனுஷ் கதாநாயகன் என்று வீடே ஒரு படக்குழுவாக மாறியது. தனுஷின் ஒல்லி உடம்பையும் முகத்தையும் பார்த்து வெளியே எந்தத் தயாரிப்பாளரும் அவரைக் கதாநாயகனாக்கியிருக்க மாட்டார். வெள்ளைத் தோலைத் தேடி மும்பைவரை போகும் ஒரு தொழில், நம் தெருவில் நடந்துபோகும் முகத்தைத் தானாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் பிடிவாதமாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. வாரிசு முறையால் வந்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எல்லா அப்பாக்களாலும் முடிந்துவிடுவதும் இல்லை. பாரதிராஜாவின் கண் பட்டால் போதும் என்று ஒரு காலம் இருந்தது. ராதிகா, கார்த்திக், ராதா, ரேவதி என்று அவர் கொண்டுவந்த முகங்கள் ஒரு தலைமுறையையே ஆண்டன. மதுரையில் வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியன் 'மண்வாசனை'யின் கதாநாயகன் ஆனார். அந்தக் கை 1999-ல் தன் மகன் மனோஜை 'தாஜ்மஹால்' படத்தில் அறிமுகப்படுத்தியது. ஏ.ஆர். ரஹ்மானின் இசை, அப்பாவின் இயக்கம், எல்லாம் இருந்தும் படம் நிற்கவில்லை. மனோஜ் தொடர்ந்து நடித்தார், 2023-ல் 'மார்கழி திங்கள்' படத்தை இயக்கி அதில் அப்பாவையே நடிக்க வைத்தார். 2025 மார்ச்சில், ஐம்பதைத் தொடும் முன்பே இறந்துபோனார். பிள்ளையைப் பற்றி எழுதும்போதெல்லாம் அப்பா அறிமுகப்படுத்திய மற்றவர்களின் பட்டியலை நாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நானும் இப்போது அதைத்தான் செய்திருக்கிறேன். அந்தப் பாரம் எவ்வளவு என்று சுமந்தவருக்குத்தான் தெரியும்.

பெண் பிள்ளைகளின் வரலாறு முழுக்க வேறு. நடிகைகளின் மகள்கள் நடிக்க வருவது இங்கே பழைய வழக்கம். குமாரி ருக்மணி, அவர் மகள் லட்சுமி, லட்சுமியின் மகள் ஐஸ்வர்யா என்று மூன்று தலைமுறையும் உண்டு. ஆனால் மகனுக்குப் படம் எடுத்தது முதலீடு என்றால், மகள் நடிக்க வந்தது பல வீடுகளில் வருமானத்துக்காக. நடிகை சந்தியாவின் மகள் ஜெயலலிதா, சர்ச் பார்க் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர். மேலே படிக்கத்தான் விரும்பினார். அவரே பேட்டிகளில் அதைச் சொல்லியிருக்கிறார். குடும்பச் சூழ்நிலை அவரை 1965-ல் 'வெண்ணிற ஆடை'க்குக் கொண்டுவந்தது. அம்மா காட்டிய வழி என்பதும் உண்மை, மகள் கேட்காத வழி என்பதும் உண்மை.

கதாநாயகர்களோ வெகுகாலம் மகன்களைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். விஜயகுமார் போலச் சிலர் விலக்கு. கமல்ஹாசனின் மகள் ஸ்ருதி கதாநாயகியாக முதலில் நடித்தது 2009-ல் 'லக்' என்ற இந்திப் படத்தில். இயக்குநர் ஷங்கரின் மகள் அதிதி மருத்துவம் படித்துவிட்டு 2022-ல் 'விருமன்' படத்தில் வந்தார்; தயாரித்தது சூர்யாவின் நிறுவனம், கதாநாயகன் அவர் தம்பி கார்த்தி. மகளுக்கும் அதே வலைப்பின்னல் வேலை செய்யத் தொடங்கியிருப்பதை முன்னேற்றம் என்று சொல்லத் தோன்றுகிறது. முழு மனதோடு சொல்ல முடியவில்லை. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை'யில் காதலர்களாக நடித்த கார்த்திக்கின் மகனும் ராதாவின் மகளும் 2013-ல் 'கடல்' படத்தில் காதலர்களானார்கள். அந்த இடத்துக்குப் போட்டியிட்டிருக்கக்கூடிய எத்தனை முகங்களை நாம் பார்க்காமலே போனோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த முகங்கள் வேறு வாசலைத் தேடிக்கொண்டன. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். 2006-ல் 'புதுப்பேட்டை'யில் தனுஷுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒருவர். 2010-ல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று'. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த இளைஞர்கள் சினிமாவுக்கு வந்தபோது தங்களோடு நடித்தவர்களையும் அழைத்து வந்தார்கள். அதுவும் ஒருவகையில் கொடுக்கல் வாங்கல்தான், ஆனால் ரத்தத்தில் வராதது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ்தான் 2022-ல் 'மகான்' படத்தில் விக்ரமையும் துருவையும் சேர்த்து இயக்கினார்.

'மகான்' அந்த ஆண்டு பிப்ரவரியில் நேராக ஓடிடியில் வந்தது. அதன்பின் துருவின் அடுத்த படம் 2025 தீபாவளிக்குத்தான். மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்'. தென்மாவட்டத்துக் கபடி வீரனாக மாற உடம்பை வளைத்து, விளையாட்டைக் கற்று, காத்திருந்து நடித்தார். படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். நானும் அதை மனதாரப் பாராட்டுகிறேன். மூன்றரை ஆண்டு ஒரு படமும் இல்லாமல், அந்த ஒரு வேடத்துக்காகக் காத்திருக்க அவரால் முடிந்தது. அதே வயதில் அவருடைய அப்பா, இருட்டான டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்று, திரையில் அசையும் இன்னொரு நடிகரின் உதட்டுக்குத் தன் வசனத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.