லினக்ஸ் லேப்டாப்பில் சத்தம் வரலையா? கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்க!

ஆன்லைன் இன்டர்வியூ தொடங்க 5 நிமிஷம்தான் இருக்கு. வீடியோ ஓடுது, சத்தம் மட்டும் வரலை. 'ஸ்பீக்கர் போயிடுச்சு' என்று முடிவு கட்டி, பூதலூரிலிருந்து ரயிலேறி தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் கடை தேடுவதற்கு முன் ஒரு விஷயம். லினக்ஸ் லேப்டாப்பில் பல நேரம் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கும். சத்தம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

லினக்ஸ் பற்றி இப்போது ஏன்?

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்களுக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்கள் காசு செலவில்லாத ஒரு வழி.

சத்தம் எப்படிப் போகிறது?

கல்லணையை நினைச்சுக்கோங்க. வரும் தண்ணீர் ஒன்றுதான். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என எதில் எவ்வளவு விடுவது என்பது ஷட்டரில் இருக்கிறது.

லினக்ஸில் சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசுவது 'ஆல்சா'. அதற்கு மேலே ஷட்டர் வேலை பார்ப்பது சவுண்ட் சர்வர். உபுண்டுவில் 2008-ல் 'பல்ஸ்ஆடியோ' வந்தது. இசைப்பதிவு செய்பவர்கள் 'ஜாக்' என்ற தனி சர்வரைப் பயன்படுத்தினார்கள். இந்த இரண்டின் வேலையையும் ஒன்றே பார்க்கும்படி வந்ததுதான் 'பைப்வயர்'. ரெட் ஹாட் பொறியாளர் விம் டேமன்ஸ் உருவாக்கியது. 2021-ல் ஃபெடோரா 34, 2022-ல் உபுண்டு 22.10 இதற்கு மாறின.

சத்தம் வராவிட்டால் என்ன செய்யலாம்?

1. செட்டிங்ஸில் சவுண்ட், அதில் அவுட்புட் பாருங்க. எச்டிஎம்ஐ கேபிளில் டிவி மாட்டியிருந்தால் சத்தம் அங்கே போயிருக்கலாம். ஸ்பீக்கரைத் தேர்வு செய்யுங்க.

2. 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்' ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க. பெயர் பழசு, பைப்வயரிலும் வேலை செய்யும். இதன் பிளேபேக் பக்கத்தில், சத்தம் எழுப்பும் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாகத் தெரியும். வயலில் மடை மாத்துற மாதிரி, பாட்டை டிவிக்கும் கிளாஸை ஹெட்செட்டுக்கும் திருப்பலாம்.

3. அதே ஆப்பில் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் உங்க சவுண்ட் கார்டு 'ஆஃப்' என்று இருந்தால் மாற்றுங்க.

4. டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' திறந்து மாஸ்டரோ ஸ்பீக்கரோ மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்க.

புளூடூத் ஹெட்செட்டில் பேசினால் சத்தம் மங்குவது ஏன்?

பாட்டுக்கு ஒரு புரொஃபைல், போன் பேச வேறு புரொஃபைல். ஹெட்செட் மைக் ஆன் ஆனதும் இரண்டாவதுக்கு மாறும், தரம் குறையும். இன்புட்டில் லேப்டாப் மைக்கைத் தேர்வு செய்து, ஹெட்செட்டை 'ஏ2டிபி' புரொஃபைலில் வைத்தால் தெளிவாகக் கேட்கும்.

எப்போது கடைக்குப் போகணும்?

பென்டிரைவில் இன்னொரு லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க. விண்டோஸும் இருந்தால் அதிலும் பாருங்க. எதிலும் சத்தம் இல்லை என்றால் ஸ்பீக்கரில் கோளாறு இருக்கலாம், அப்போது கடைக்குக் கொண்டு போங்க. ஒன்றிலாவது கேட்டால் ஸ்பீக்கர் நல்லா இருக்கு. மேலே சொன்ன நான்கையும் திரும்பப் பாருங்க, ஷட்டர் எங்கேயோ மாறி நிற்குது.