விசாவும் விருந்தாளியும்



‘விசா விலக்கு’ என்ற சொல் கடந்த சில ஆண்டுகளாகச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. சீன நாட்டவருக்கு விலக்கு, இந்திய நாட்டவருக்கு விலக்கு என்று அறிவிப்பு வருகிறது. “எந்த நாட்டுக்காரன் எப்படி வந்தால் நமக்கென்ன? பால்மரம் வெட்டுகிறவனுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்கத் தோன்றும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று தோட்டத்திலேயே வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறவர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர், சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவர், பத்துமலை அடிவாரத்தில் மாலை கட்டி விற்கிறவர் என்று பல வீடுகளில் ஒருவராவது இருக்கிறார். வெளிநாட்டுப் பயணி வந்தால்தான் அந்த வீட்டில் சம்பளம். 2019ஆம் ஆண்டில் சுற்றுப்பயணிகள் நம் நாட்டில் செலவிட்ட தொகை ஏறத்தாழ 8,600 கோடி வெள்ளி. அடுத்த ஆண்டே கொரோனா நோயால் எல்லைகள் அடைபட்டபோது என்ன ஆயிற்று என்பதை அந்தக் குடும்பங்களைக் கேட்டால் சொல்லும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடப்பிதழ் வேறு, விசா வேறு. கடப்பிதழ் நம் அரசாங்கம் நமக்குக் கொடுப்பது. ‘இவர் எங்கள் குடிமகன்’ என்பதற்கு அது சாட்சி. விசா என்பது நாம் போக விரும்புகிற நாடு கொடுக்கும் அனுமதி. ‘இவர் வரலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது’ என்பது அதன் பொருள். மூன்றாவதாக இன்னொன்று உண்டு. விமானம் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி நம் முகத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு, உள்ளே விடுவது. விசா இருந்தாலும், விசாவே தேவையில்லை என்றாலும், இந்த மூன்றாவது கதவு இருந்தே தீரும். விசா விலக்கு என்பது நடுக்கதவை மட்டும் எடுத்துவிடுவது. கடைசிக் கதவில் ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த நடுக்கதவு இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, முகாமில் சில நாள் இருந்து, தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கும் பிரிட்டிஷ் ஆட்சி, இங்கும் பிரிட்டிஷ் ஆட்சி. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது, கதவு திறந்திருந்தது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் பிறகு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களும் மறுநுழைவுப் பத்திரம் வாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ‘ரஜூலா’ கப்பலையும் அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலையும் பற்றிப் பேசுகிற முதியவர்கள், அந்தப் பத்திரத்தைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்ட கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆக, எல்லைக் கதவை யார் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

இனி, விசா சுற்றுலாவை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்போம்.

கூட்டுச் சாலையில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சோறும் குழம்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு கடையில் நேராகப் போய் உட்காரலாம். மற்றொன்றில், முதல் நாளே பெயர் எழுதிக் கொடுத்து, இரண்டு வெள்ளி கட்டி, ‘வரலாம்’ என்று பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் ‘வேண்டாம்’ என்றால் கட்டிய பணம் திரும்பாது. நாம் எந்தக் கடைக்குப் போவோம்? பயணியின் கணக்கும் இதுதான். விசாக் கட்டணம் மட்டும் செலவன்று. தூதரகம் இல்லாத ஊரிலிருந்து தூதரகம் இருக்கும் ஊருக்குப் போகும் செலவு, வங்கிக் கணக்கு நகல், சம்பளச் சான்று, இரண்டு நாள் விடுப்பு, இவற்றோடு கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலை. ஐந்து பேர் உள்ள குடும்பமென்றால் கட்டணமும் தாள்களும் ஐந்து மடங்கு. பல நாடுகளில் இப்போது கணினி வழியாகவே விண்ணப்பம் செய்யலாம். அது அலைச்சலைக் குறைத்தது, தயக்கத்தை முழுவதும் போக்கவில்லை.

2023ஆம் ஆண்டில் நம் வட்டாரத்தில் நடந்தது இந்தக் கடைப் போட்டிதான். செப்டம்பர் 25இல் தாய்லாந்து சீன நாட்டவருக்கு விசா வேண்டாம் என்றது. நவம்பர் 10 முதல் இந்தியருக்கும் அதே சலுகை. நவம்பர் 26இல் நம் பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராகிம், டிசம்பர் முதல் தேதியிலிருந்து சீன, இந்திய நாட்டவர் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று அறிவித்தார். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரும் சீனாவும் ஒருவருக்கொருவர் விசாவை நீக்கிக்கொண்டன. ஒரு கடைக்காரர் பலகையை மாட்டினால் அடுத்தவர் சும்மா இருக்க முடியுமா?

பலன் என்ன? 2023இல் சீனாவிலிருந்து மலேசியாவுக்கு வந்தவர் 14 இலட்சத்துக்குச் சற்று மேல். 2024இல் அது 32 இலட்சத்தையும் தாண்டியது. இந்தியாவிலிருந்து 2023இல் வந்தவர் ஆறரை இலட்சத்துக்குச் சற்று மேல். 2024இல் 11 இலட்சத்துக்கும் அதிகம். இந்த எண்களைக் கேட்டவுடன் ‘எல்லாம் விசா விலக்கின் மகிமை’ என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். கொரோனாவுக்கு முன் 2019இல், விசா கேட்ட காலத்திலேயே, சீனாவிலிருந்து 31 இலட்சம் பேர் வந்திருக்கிறார்கள். நோய்க் காலத்தில் மூடிய சீன எல்லை 2023 ஜனவரியில்தான் திறந்தது. விமானச் சேவைகள் பழைய நிலைக்குத் திரும்பவும் நாளாயிற்று. ஆகவே சீனக் கணக்கில் ஒரு பெரும் பங்கு, போனது திரும்பி வந்ததுதான். இந்தியக் கணக்கு வேறு மாதிரி. 2019இல் இந்தியாவிலிருந்து வந்தவர் 7 இலட்சத்து 35 ஆயிரம். அதைத் தாண்டி 11 இலட்சத்துக்கு மேல் போனது என்றால், அங்கே விசா விலக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் குறைந்த கட்டண விமானம் இருப்பதும் அதற்குத் துணை. கதவு திறந்தால் போதாது, வாசல்வரை வண்டியும் வர வேண்டும்.

நம்மவர்களே பயணிகளாகப் போன கதையும் ஒன்று உண்டு. 2013 ஜூலை முதல் தேதி, ஜப்பான் மலேசியருக்கு விசாவைத் தளர்த்தியது. அதற்கு முந்திய 2012இல் ஜப்பானுக்குப் போன மலேசியர் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம். 2014இல் இரண்டரை இலட்சத்தைத் தொட்டார்கள். ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு அப்போது இறங்கியிருந்ததும் உதவியது. அதே நாளில் தாய்லாந்துக்காரருக்கும் சலுகை கிடைத்தது. அவர்களுடைய எண்ணிக்கையும் 2 இலட்சத்து 60 ஆயிரத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில் ஆறரை இலட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு நன்மை இருந்தால் எல்லா நாடுகளும் விசாவையே எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கனடா நாட்டின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் இரு பக்கமும் தெரிகிறது.

மெக்சிகோ நாட்டவர் கனடாவுக்கு விசா இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2008ஆம் ஆண்டில் அப்படி வந்தவர்களில் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘எங்களுக்கு அடைக்கலம் தாருங்கள்’ என்று விண்ணப்பம் செய்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் விசாரித்து முடிக்க அரசாங்கத்துக்கு நாளும் பணமும் ஆகும். 2009 ஜூலையில் கனடா விசாவைக் கட்டாயமாக்கியது. அடைக்கலம் கேட்போர் குறைந்தனர். சுற்றுப்பயணிகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தனர். உல்லாசமாகப் பார்த்துவிட்டுப் போகிறவன், பிழைக்க இடம் தேடுகிறவன் என்று தாளைப் பார்த்துப் பிரிக்க முடிவதில்லை. வலையை இறுக்கினால் இரண்டு மீனும் நின்றுவிடும். வணிகமும் கெட்டது, இரு நாட்டு உறவும் கசந்தது. 2016 டிசம்பரில் கனடா விசாவை எடுத்தது. அந்த ஆண்டு அடைக்கலம் கேட்ட மெக்சிகோவினர் 260 பேர்தான். 2023இல் அது ஏறத்தாழ 24 ஆயிரம் ஆயிற்று. 2024 பிப்ரவரி 29ஆம் தேதி இரவோடு இரவாக விசா திரும்ப வந்தது. ஆனால் இந்த முறை ஒரு திருத்தம்: அமெரிக்க விசா வைத்திருப்பவர், முன்பு கனடா விசா வாங்கியவர் போன்றோர் விமானத்தில் வந்தால் எளிய மின் அனுமதி போதும். கதவை முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதும் அல்லாமல் இடைவழி ஒன்று உண்டு என்பதைப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நாடு கற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் இதே இழுபறி உண்டு. இந்தியர் விமான நிலையத்திலேயே விசா பெறும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. வந்தவர்களில் பலர் தவணை முடிந்தும் திரும்பவில்லை என்று சொல்லி 2010இல் அது நிறுத்தப்பட்டது. பிறகு மின் விசா வந்தது, அதற்குப் பின் இன்றைய விலக்கு. இந்தியருக்கான விலக்கு 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டிக்கப்பட்டது. சீனாவுடன் இரு தரப்பு ஒப்பந்தமே செய்துகொள்ளப்பட்டு 2025 ஜூலை 17இல் நடப்புக்கு வந்தது. அதன்படி நாமும் விசா இல்லாமல் சீனாவுக்குப் போகலாம். இந்தியாவுக்குப் போக மட்டும் நமக்கு விசா வேண்டும். ‘நாம் அவர்களை விடுகிறோம், அவர்கள் நம்மை விடவில்லையே’ என்று சிலர் குறைப்படுகிறார்கள். பயணி கொண்டுவரும் பணத்தைப் பார்க்கிற நாடு, எதிர்த்தரப்பின் சலுகைக்காகக் காத்திராமல் தன் கதவைத் திறப்பதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

கூட்டத்தையே விரும்பாத நாடும் உண்டு. இமயமலை அடிவாரத்துப் பூட்டான், இந்தியர் போன்ற அண்டை நாட்டவர் சிலர் தவிர, வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் இரவுக்கு இவ்வளவு டாலர் என்று வாங்குகிறது. 2022 செப்டம்பரில் அதை 200 டாலர் ஆக்கியது. வருகை போதவில்லை என்று கண்டு அடுத்த ஆண்டே 100 ஆகக் குறைத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குத் திருமணம். தாய்மாமன் நாமக்கல்லிலோ சேலத்திலோ இருக்கிறார். முன்பு அவரை அழைக்கப் பட்ட பாடு இப்போது இல்லை. கடப்பிதழும் பயணச் சீட்டும் இருந்தால் புறப்பட்டு வரலாம். வருகிறார், மாலை போடுகிறார், மனம் நிறைகிறது. அதன் பிறகுதான் ஆபத்து. “மாமா, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்களேன், கடையில கூடமாட நில்லுங்க” என்று அன்போடு சொல்லிவிடுகிறோம். 30 நாள் என்றால் 30 நாள்தான். தவணை கடந்து தங்குவோருக்குப் பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்வதும் குற்றம், வேலை கொடுப்பதும் குற்றம். இப்படித் தங்கிவிடுகிறவர் ஒவ்வொருவரும் அடுத்து வரும் பத்து மாமன்மாருக்குக் கதவை இறுக்குகிறார். 2010இல் நடந்தது அதுதான்.

நம் பிள்ளைகள் வெளியே போகும்போதும் இதே விதிதான். ஆசியான் நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நமக்கு விசா தேவையில்லை. அந்த வசதியையே தூண்டிலாக்கி, “கம்போடியாவில் கணினி வேலை, மாதம் ஆறாயிரம் வெள்ளி, விசாவே வேண்டாம், கையை வீசிக்கொண்டு வா” என்று சொல்லி அழைத்துப் போன கும்பல்கள் உண்டு. மோசடி நிலையங்களில் அடைபட்ட மலேசிய இளைஞர்களை 2022இல் கம்போடியா, மியன்மார், லாவோஸ் நாடுகளிலிருந்து மீட்டுவர அரசாங்கம் படாத பாடு பட்டது. விசா இல்லாமல் நுழையலாம் என்றால் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று பொருள். வேலைக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் காட்டாமல் விமானச் சீட்டை மட்டும் காட்டுகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

உறவினரை வரவழைக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. 2024 ஜனவரி முதல், இங்கு வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் மின் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். வந்து சேர்வதற்கு முந்திய மூன்று நாளுக்குள் கணினியிலோ கைப்பேசியிலோ செய்துவிடலாம். வரும்போது திரும்பிப் போகும் பயணச் சீட்டு, கைச்செலவுக்குப் போதிய பணம், தங்கும் வீட்டின் முகவரி மூன்றும் கையில் இருக்கட்டும். கைப்பேசி பழக்கமில்லாத மாமனுக்கு உங்கள் வீட்டுப் படிவம் ஆறு மாணவனே இங்கிருந்து அட்டையை நிரப்பிக் கொடுத்துவிடுவான். குடிநுழைவுத் துறை இதற்குக் கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. அட்டைக்கென்று எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.